எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் அப்பாச்சி 200-ம்: நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய அனுபவம்

வண்டி டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி. 2021-ல் எடுத்தது, ரைடு மோடுகள் (இன்ஜின், ஏபிஎஸ் குணத்தை மாற்றும் ஸ்போர்ட், அர்பன், ரெயின் அமைப்புகள்) வந்த பிறகான பிஎஸ்6 (புகை மாசு விதி) மாடல். ஓடோமீட்டர் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நான் இருப்பது சேந்தமங்கலம் பக்கம், வேலை நாமக்கல்லில், மனைவியின் ஊர் கொல்லிமலை மேலே. அதனால் இந்த வண்டிக்கு மூன்று வேலை: தினசரி டவுன் ஓட்டம், அவ்வப்போது சேலம் நான்குவழிச் சாலை, மாதத்தில் சில முறையாவது மலை ஏற்றம்.

ஷோரூமில் இந்த வகை வண்டியைப் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன், டாப் ஸ்பீடு எவ்வளவு என்றுதான். இத்தனை நாள் ஓட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, நம் சாலைகளில் ஒரு ஸ்போர்ட்டி வண்டியை வருடக்கணக்கில் பிடித்துப்போக வைப்பது அந்த இரண்டு எண்களும் அல்ல. கீழ் ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கும் இழுவை, பிரேக், டயர். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பழகிவிடும்.

என் வண்டியை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. சித்தப்பா மகனிடம் யமஹா எம்டி-15 இருக்கிறது. கூட வேலை செய்யும் நண்பரிடம் 373 சிசி கேடிஎம் டியூக் 390. மூன்று பேரும் சேர்ந்து கிளம்பினால் பாதி வழியில் வண்டியை மாற்றிக்கொள்வோம். ஒரே சாலையில், ஒரே நாளில் மூன்றையும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே சோளக்காடு போகும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை நிற்கும். பல இடங்களில் மூன்றாவது கியர் போட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டியூக்கின் 43 குதிரைத்திறனை இங்கே முழுசாகத் திறக்க இடமே கிடையாது. வளைவில் வேகம் பதினைந்துக்கு இறங்குகிறது, இன்ஜின் சுற்று விழுகிறது, பின்னால் ஆள், முன்னால் ஏற்றம். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி இழுக்குமா, திணறுமா என்பது மட்டுமே கேள்வி.

அப்பாச்சி இரண்டாவது கியரிலேயே இழுத்துவிடும். 197.75 சிசி, ஆயில் கூலிங், நான்கு வால்வு. ஸ்போர்ட் மோடில் 20 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் வருகிறது. அர்பன், ரெயின் மோடுகளில் 17-க்குச் சற்று மேல்தான். ஆனால் அர்பனில் முழு டார்க் (இழுவிசை) 6,000 ஆர்பிஎம்முக்கு முன்னாலேயே கைக்கு வந்துவிடுகிறது. மலை ஏறும்போது பெரும்பாலும் நான் அர்பனில்தான் போகிறேன். மனைவியும் ஒரு மூட்டை மளிகையும் பின்னால் இருந்தாலும் முதல் கியருக்கு இறங்க வேண்டிய வளைவுகள் சில மட்டுமே.

எம்டி-15 வேறு மாதிரி. 155 சிசி இன்ஜினில் 18 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கிறார்கள் என்றால் அது உயர் சுற்றில்தான் வர முடியும். அதில் உள்ள விவிஏ என்பது இன்டேக் வால்வுக்கு இரண்டு விதமான கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்). சாதாரணமாக ஒன்று வேலை செய்யும், 7,400 ஆர்பிஎம்மைத் தொட்டதும் வால்வை அதிகம் திறக்கும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். அந்த மாற்றம் நடக்கும்போது சத்தமே மாறும், அதைக் கேட்க ஆசையாக இருக்கும். கொண்டை ஊசி வளைவிலிருந்து அந்தச் சுற்றுக்குச் சீக்கிரம் ஏற வேண்டுமானால் முதல் கியர்தான் கதி. தம்பி ஒவ்வொரு வளைவிலும் ஒன்றுக்கு இறக்கி இரண்டுக்கு ஏற்றிக்கொண்டே வருவான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த இன்ஜினின் குணம் அது. அதே நேரம் வளைவுக்குள் நுழைவதில் அவன் வண்டிதான் எங்கள் மூவரில் லேசு. எடை 140 கிலோவை ஒட்டி, டெல்டாபாக்ஸ் என்று யமஹா அழைக்கும் உறுதியான ஃபிரேம். எங்கே பார்க்கிறோமோ அங்கே போகும். அந்தச் சுகத்தை நான் ஓட்டிப் பார்த்த இந்த விலை வண்டிகள் வேறெதிலும் உணர்ந்ததில்லை.

டியூக் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே உருட்டி ஓட்டுவதற்கான வண்டி இல்லை. நண்பர் கிளட்சைப் பாதி பிடித்தபடியே வளைவுகளைக் கடப்பார். சோளக்காடு சந்தை வந்து சேரும்போது இடது கையை உதறிக்கொண்டு இறங்குவார்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வண்டி எப்படிப்பட்டது என்று தெரியும். ஏறின கியரிலேயே இறங்கு என்று எங்கள் ஊர் லாரி டிரைவர்கள் சொல்வதை இங்கே அப்படியே கடைப்பிடிக்கலாம். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு மீதி வேலைதான். ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதன் அருமை இங்கே புரியும். அவசரமாகக் கியரைக் குறைக்கும்போது பின் சக்கரம் இன்ஜினைச் சுழற்றப் பார்க்கும், அப்போது கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்து அந்த உதறலைத் தாங்கிக்கொள்ளும். அது இல்லாத பழைய வண்டியில் வளைவு வாசலில் பின் டயர் துள்ளியதை அனுபவித்தவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். முன்னால் 270 மி.மீ. டிஸ்க், பின்னால் 240, இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). லீவர் தூரத்தைக் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது ஷோரூமில் சின்ன விஷயமாகத் தோன்றும். எழுபது வளைவும் இறங்கி முடிக்கும்போது விரல் வலிக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது சூட்டில் ஆயிலுக்குள் குமிழி வந்துவிட்டால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பேட் புதுசாக இருந்தாலும் இதே கதிதான். ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். மலைக்குப் போகாதவர்களும் மாற்ற வேண்டும்.

மலைச் சாலையில் வளைவின் உள்பக்கம் ஆசைப்பட்டு ஒட்டிப் போகாதீர்கள். மணல் அங்கேதான் சேரும், பஸ்ஸிலிருந்து சிந்தும் டீசலும் அங்கேதான் கிடக்கும். ஏறி வரும் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் வேண்டும், ஆகவே வளைவுக்கு மேலேயே நின்று வழி விடுவதுதான் முறை. மழைக்காலத்திலும் பனி மூடும் மாதங்களிலும் நான் ரெயின் மோடுக்கு மாறிவிடுவேன். ஏபிஎஸ் சீக்கிரமே தலையிடும், ஆக்சிலரேட்டரும் நிதானமாகப் பேசும்.

நான்குவழிச் சாலையில் கதை தலைகீழ். நாமக்கல்லிலிருந்து சேலம் வரை தேசிய நெடுஞ்சாலை 44-ல் டியூக்தான் ராஜா. ஆம்னி பஸ்ஸை ஓவர்டேக் செய்ய அது ஒரு மூச்சில் முடித்துவிடும். அப்பாச்சி எண்பது தொண்ணூறில் நாள் முழுக்க அலுக்காமல் வரும். ஐந்து கியர்தான் என்பதால் நூறுக்கு மேல் ஆறாவது கியரைத் தேடிக் கால் போகும். வாழ்க்கையின் பெரும்பகுதி நெடுஞ்சாலையிலேயே கழியும் என்றால் ஆறு கியர் உள்ளதைப் பாருங்கள்.

டவுனுக்கு இதைவிட வசதியான ஸ்போர்ட்டி வண்டி எனக்குத் தெரிந்து குறைவு. நெரிசலில் கிளட்சை மெதுவாக விட்டால் ஆக்சிலரேட்டர் தொடாமலேயே வண்டி தானாக ஊர்ந்து போகும். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாலை ஆறு மணிக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்பதை அங்கே தினமும் ஓட்டுபவர்கள் அறிவார்கள். சூடு எல்லா வண்டியிலும் உண்டு. சிசி கூடக்கூட நெரிசலில் தொடைக்கு வரும் சூடும் கூடும்.

பின்னால் உட்காருபவரைப் பற்றிப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. இந்த வகை வண்டிகளில் பின் சீட் சின்னது, உயரம் அதிகம். என் மனைவி அப்பாச்சியில் மலை வரை உட்கார்ந்து வருகிறார். எம்டி-15-ல் அரை மணி நேரம் போதும் என்கிறார். வண்டி எடுத்த கையோடு அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றுபவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து கழற்றாதீர்கள். அது சட்டப்படி இருக்க வேண்டியது. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று எந்த அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி பராமரிப்பு. இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

செயினை ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து லூப் போடுகிறேன், மழையில் நனைந்தால் அன்றைக்கே. ஸ்ப்ரே வாங்க மனமில்லாதவர்கள் 90 கியர் ஆயிலைத் துணியில் நனைத்துத் தடவலாம், அதுவே போதும். கழுவ மண்ணெண்ணெய் பயன்படுத்தலாம், பெட்ரோல் வேண்டாம். ஓ-ரிங் உள்ள செயினில் பெட்ரோல் பட்டால் ரப்பர் கெட்டு உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். செயின் தொய்வு கையேட்டில் உள்ள அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒருமுறை வெளியூரில் ஒரு கடையில் அளவுக்கு மேல் இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு முனகல். பின் சக்கரம் மேலே ஏறும்போது செயின் இன்னும் இறுகும், அந்தப் பாரம் முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கில் விழும். தளர்ந்த செயினைவிட அதிகமாக இறுக்கிய செயின் ஆபத்து. தளர்ந்தது சத்தம் போட்டுச் சொல்லிவிடும், இறுகியது சொல்லாமல் பேரிங்கைத் தின்னும்.

ஆயில் கூலிங் வண்டியில் இன்ஜின் ஆயிலுக்கு இரண்டு வேலை, வழுவழுப்பும் குளிர்ச்சியும். அளவு குறைந்தால் இரண்டும் கெடும். வாரம் ஒருமுறை வண்டியை நேராக நிறுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முன்னாலுள்ள ஆயில் கூலரின் மெல்லிய தகடுகளில் சேறும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும், அதற்கு நேராக வாட்டர் வாஷ் துப்பாக்கியைப் பிடித்தால் தகடு மடங்கிவிடும். வாளித் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

டயர்தான் என் பார்வையில் பணம் செலவழிக்க வேண்டிய இடம். பின் டயர் 130/70-17. இருபதாயிரம் கிலோமீட்டர் போல ஓடியது, மலை ஓட்டம் அதிகம் என்பதால் சீராகவே தேய்ந்தது. நண்பரின் டியூக்கில் நெடுஞ்சாலை ஓட்டத்தால் நடுப்பகுதி மட்டும் சப்பையாகிவிட்டது. அப்படித் தேய்ந்த டயரைச் சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டுவதுபோல் சட்டென்று விழும். ஓரத்தில் பட்டன் (டயரின் மேட்டு வடிவம்) இன்னும் இருக்கிறதே என்று ஓட்டக் கூடாது. புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1424 என்றால் 2024-ன் பதினான்காவது வாரம் செய்தது. கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) ஒருமுறை மாற்றினேன். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நடுவில் ஓர் இடத்தில் லேசாக உட்கார்ந்து எழுந்தால் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம். பிரேக் பேட், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் வழக்கமான தேய்மானச் செலவுகள்தான்.

மைலேஜ் நாற்பதை ஒட்டி வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் பங்குகளில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தபின் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் இது எதிர்பார்த்ததே. எத்தனாலும் ஈரத்தை ஈர்க்கும் என்பதால் நீண்ட நாள் வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு முக்கியமான விஷயம். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதனால் ஐந்து வருடத்துக்கும் முழு இன்சூரன்ஸ் இருக்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் நம் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். தம்பியின் எம்டி-15-க்கும் அப்படித்தான் இருந்தது, பார்த்துப் புதுப்பித்தோம். இந்த வண்டிகளில் கீழே போட்டால் லீவர், ஹெட்லைட், டேங்க் கவர் என்று பில் வேகமாக ஏறும்.

வாங்கப்போகிறவர்கள் டெஸ்ட் ரைடை ஷோரூமைச் சுற்றியுள்ள நேர்ச்சாலையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போங்கள். அருகில் ஒரு மேம்பாலமோ மேடோ இருந்தால் அவரைப் பின்னால் வைத்து, இரண்டாவது கியரில் வேகத்தை நன்றாகக் குறைத்து, அங்கிருந்து ஏற்றிப் பாருங்கள். இறங்கும்போது இரண்டு விரலால் மட்டும் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் விலை பேசுவதற்கு முன் பின்னால் உட்கார்ந்து வந்தவரிடம் சீட் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.