கொலஸ்ட்ராலுக்கு எந்தப் பாக்கெட்? ஓட்ஸ், பார்லி, இசப்கோல் விலைக்கணக்கு

சூப்பர் மார்க்கெட்டில் ஓட்ஸ் அடுக்கியிருக்கும் வரிசையைப் பாருங்கள். பாதிப் பாக்கெட்டில் சிவப்பு இதயம் வரைந்திருக்கும். சாதா ஓட்ஸ், மசாலா ஓட்ஸ், ஓட்ஸ் பிஸ்கட், ஓட்ஸ் நூடுல்ஸ் எல்லாம் அந்த இதயத்தின் பேரில்தான் விற்பனை. படத்தை விட்டுவிட்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்கிற சரக்கு உள்ளே எத்தனை கிராம், அந்தக் கிராமுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்த்தால் வரிசை தலைகீழாக மாறிவிடுகிறது.

வேலை செய்கிற சரக்கு, தண்ணீரில் கரையும் நார். ஓட்ஸிலும் பார்லியிலும் இருப்பது பீட்டா குளுக்கான். வயிற்றுக்குள் போய்க் கொழகொழவென்று ஆகி, குடலில் இருக்கும் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளும். போன பித்தத்தை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். இதற்கு நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய ஆரோக்கியம் பற்றி எழுத அனுமதித்ததும் இந்த அளவை வைத்துத்தான். கிடைக்கிற பலன், எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலில் 5 முதல் 7 சதவீதம் குறைவது. 160 இருப்பவருக்கு 150 பக்கம் வரும். அதற்குமேல் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

முதலில் சாதா ஓட்ஸ். நூறு கிராமில் சுமார் 4 கிராம் பீட்டா குளுக்கான் இருக்கும். ஆக நாளுக்கு 75 கிராம். 200 மில்லி டம்ளரில் தலை தட்டி ஒன்று. கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் மாதம் இரண்டேகால் கிலோ, 405 ரூபாய். குவேக்கரோ சஃபோலாவோ கடையின் சொந்தப் பாக்கெட்டோ, பின்னால் மூலப்பொருள் என்ற இடத்தில் 'ஓட்ஸ்' என்ற ஒரே சொல் இருந்தால் போதும், மலிவானதை எடுங்கள். தட்டையாக்காமல் துண்டாக வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ் மெதுவாகச் செரிக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது நல்லது. கொலஸ்ட்ராலுக்கென்று கூடுதல் விலை கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. பலரும் சறுக்குவது அளவில். இரண்டு ஸ்பூன் ஓட்ஸைப் பாலில் கலக்கி, சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, அதன்மேல் நாலு இட்லியும் சாப்பிடுவார்கள். இரண்டு ஸ்பூனில் அரை கிராம் பீட்டா குளுக்கான்கூட வராது. 75 கிராம் ஓட்ஸ் என்பது 280 கலோரிக்கு மேல், ஒரு வேளைச் சாப்பாடு. இட்லிக்குப் பதிலாகச் சாப்பிடவேண்டியது. உப்புமாவாகக் கிண்டலாம், மோர் விட்டுச் சின்ன வெங்காயத்தோடு கஞ்சியாகவும் குடிக்கலாம்.

மசாலா ஓட்ஸ் பாக்கெட்டைத் திருப்பினால் ஓட்ஸ் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 75 என்று இருந்தால் 40 கிராம் பாக்கெட்டில் ஓட்ஸ் 30 கிராம்தான், பீட்டா குளுக்கான் 1.2 கிராம். 3 கிராம் சேர நாளுக்கு இரண்டரை பாக்கெட் வேண்டும். ஒன்று 15 ரூபாய் என்றாலும் மாதம் 1,125 ரூபாய், கூடவே அத்தனை பாக்கெட்டின் உப்பும். ரத்தக்கொதிப்பும் சேர்ந்து இருப்பவர்கள் தொடவே வேண்டாம். ஓட்ஸ் பிஸ்கட்டைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. மூலப்பொருளை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதவேண்டும் என்பது விதி. மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றையும் தாண்டி ஓட்ஸ் வந்தால் அது பிஸ்கட்தான், மருந்தல்ல.

இனி பார்லி. விளம்பரம் இல்லாததால் விலையும் ஏறவில்லை. மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் பார்லி அரிசி என்று கேட்டால் கிலோ 100 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பீட்டா குளுக்கான் ஓட்ஸுக்குக் குறையாத அளவு, பெரும்பாலும் கொஞ்சம் கூடவே. ஓட்ஸைப் போலத் தவிட்டோடு ஒட்டியில்லாமல் மணி முழுக்கப் பரவியிருப்பதால், தீட்டி வெள்ளையாக்கிய பார்லியிலும் மிஞ்சி நிற்கும். அதே 75 கிராம், அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 225 ரூபாய். இந்த மூன்றில் முதல் இடம் இதற்குத்தான்.

ஆனால் நம் வீடுகளில் இதைக் கெடுத்துச் சாப்பிடுவதே வழக்கம். 'பார்லித் தண்ணி' என்று வேகவைத்து வடிகட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு மணியைக் குப்பையில் கொட்டுகிறார்கள். நாரில் பெரும்பங்கு மணியோடு போய்விடும். முழுசாகச் சாப்பிடவேண்டும். இரவே ஊறவைத்து, காலையில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துக் குக்கரில் ஐந்தாறு விசில். ஊறாமல் வைத்தால் வெளியே குழைந்து நடுவில் ரப்பர் போல நிற்கும். அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பார்லியே பிடிக்காது என்பார்கள். வெந்ததும் ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்தால் கஞ்சி நூல் போல இழுபட வேண்டும். அந்தப் பிசுபிசுப்புதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, கழுவிவிடாதீர்கள். தயிர்ச் சாதத்துக்கு இது அரிசியைவிட நன்றாகப் பொருந்தும். சாம்பாருக்கு முதலில் அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து பழகலாம். வாங்கும்போது உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பாருங்கள்: மாவு கையில் ஒட்டினால் வண்டு அரித்த பழைய சரக்கு. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்குப் பார்லி ஆகாது, அதிலும் குளூட்டன் உண்டு.

இசப்கோல் குஜராத் பக்கம் விளையும் ஒரு செடியின் விதை உமி. மலச்சிக்கலுக்கு என்றுதான் மருந்துக் கடையில் கொடுப்பார்கள், கொலஸ்ட்ராலுக்கும் நல்ல சான்று உண்டு. நாளுக்கு 10 கிராம் உமி, அதாவது தலை தட்டிய இரண்டு பெரிய ஸ்பூன், எல்டிஎல்லை 7 சதவீதம் வரை இறக்கும். 100 கிராம் டப்பா 150 ரூபாய் என்றால் மாதம் 450. பார்லியைவிட இரண்டு மடங்கு. ஆனால் கலோரி மிகக் குறைவு, சமைக்க வேண்டாம், வேலைக்குப் போகிறவர்களுக்குச் சௌகரியம். ஆரஞ்சு வாசனை போட்டதை எடுத்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வெறும் உமியே மேல்.

குடிக்கிற விதம்தான் இதில் முக்கியம். ஒரு ஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு வேடிக்கை பாருங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்பூன் நிற்கிற மாதிரி ஜெல்லி ஆகிவிடும். அது தொண்டையில் நடக்கக் கூடாது. 250 மில்லி தண்ணீரில் கலக்கின கையோடு குடித்து, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கவேண்டும். உலர்ந்த உமியை அப்படியே வாயில் போடவே கூடாது. விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் வேண்டாம். இரவு படுக்கும்போது குடிப்பது மலச்சிக்கலுக்கான வழக்கம். கொலஸ்ட்ராலுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஒவ்வொரு ஸ்பூன் பிரித்துக் குடித்தால்தான் பித்தத்தைப் பிடிக்கும். முதல் நாளே முழு அளவில் இறங்கினால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, டப்பா மூலைக்குப் போய்விடும். ஒரு வாரம் டீஸ்பூன் அளவில் தொடங்குங்கள். மாத்திரைகளை, குறிப்பாகத் தைராய்டு மாத்திரையை, இதோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. பல மணி நேர இடைவெளி விடுங்கள்.

எண்ணெய்ப் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதற்கு ஒரு பைசா கூடக் கொடுக்க வேண்டாம். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது கிடையாது. பார்க்கவேண்டியது எல்டிஎல்லை ஏற்றிவிடும் நிறைகொழுப்பு: பாமாயிலில் சுமார் பாதி, தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம், கடலை எண்ணெயில் இருபதுக்குள், நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டி, சூரியகாந்தியில் 11. ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும்போது வேறு வாங்கு என்று சொல்வது சுலபம், பட்ஜெட்டுக்கு அது உதவாது. அளவைக் குறையுங்கள்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டரை முதல் தேதியே தனியாக எடுத்து வைத்து, அதில் ஒரு லிட்டராவது பாமாயில் அல்லாததாக இருக்கட்டும். பாலிலும் இதே கதைதான். ஆவின் ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. நீலம் விலையும் குறைவு.

பயறு பக்கம் வந்தால் இன்னும் மலிவு. நாளுக்கு 130 கிராம் வெந்த பயறு எல்டிஎல்லை 5 சதவீதம் போலக் குறைக்கும். காய்ந்த நிலையில் சுமார் 55 கிராம். ரேஷனில் 30 ரூபாய்க்கு வரும் ஒரு கிலோ துவரம்பருப்பை நாலு பேர் முப்பது நாளுக்குப் பிரித்தால் தலைக்கு 8 கிராம், சாம்பாரில் தேடவேண்டும். அதனால் கொள்ளோ தட்டைப்பயறோ தனியாக வாங்கியே ஆகவேண்டும். கொள்ளு கிலோ 90 ரூபாய் என்றால் ஒருவருக்கு மாதம் 150. பார்லியோடு சேர்த்து 375 ரூபாயில் முடிகிறது, சாதா ஓட்ஸ் ஒன்றுக்கு மட்டும் ஆகிற செலவைவிடக் குறைவு. சுண்டல் தாளிக்கும்போது தேங்காய்த் துருவலை ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

வாங்குவதற்கு முன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஏறியிருப்பது ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு மட்டும் என்றால் இந்தப் பாக்கெட்டுகளால் பெரிய பலன் இல்லை. சோற்றின் அளவு, சர்க்கரை, மது மூன்றையும் குறைத்தால்தான் அது இறங்கும். எல்டிஎல் 190-ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் டாக்டர் கொடுத்த ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பார்லிக்கு மாறக் கூடாது. அந்த வகையில் ஒன்றான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும். பார்லி, பயறு, எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்தாலும் வீட்டில் கிடைப்பது 10 முதல் 15 சதவீதம். மற்றவர்கள் ஆறிலிருந்து எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு அதே லேபில் திரும்ப எடுங்கள். எண் அசையவில்லை என்றால் பிராண்டை மாற்றவேண்டாம், தராசில் அந்த 75 கிராமை ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள்.