‘நாளைக்கு விலை ஏறிவிடும்’ என்று அவசரப்படுத்தி விற்கப்படும் கேம் கருவிகள்: வடசென்னை வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாரிமுனை, மண்ணடி, மின்ட், வண்ணாரப்பேட்டை வட்டாரக் கடைகளில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2, ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கேம் கருவிகளை வாங்க நினைப்பவர்கள், அதிலும் பிள்ளைகளுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கப் போகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தயாரிப்பாளரின் இணையச் சேவைகளிலிருந்து நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்ட ஒரு ஸ்விட்ச் 2, ‘ஒரே வாரம் பயன்படுத்திய செகண்ட் ஹேண்ட்’ என்ற பெயரில் என் தலையில் கட்டப்பட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே கையாளப்பட்ட முறை ஒரு கடையோடு நிற்கக்கூடியது அன்று என்பதால், அதை முழுமையாகச் சொல்லிவிடுவது அவசியம் என்று கருதுகிறேன்.

முதலில் விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஏமாற்று வேலை முழுவதும் விலையேற்றத்தைப் பற்றிய உண்மையான செய்திகளின் மேல்தான் நிற்கிறது. கேம் கருவிகள் பழையதாக ஆக விலை இறங்கும் என்பதுதான் நாம் அறிந்த வழக்கம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டாலருக்கு இறங்கியது. இன்று அந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2022 நவம்பரில் 54,990 ரூபாய் ஆனது. அமெரிக்காவில் 499 டாலராக இருந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு முறை ஏற்றப்பட்டு 649.99 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 2021இல் வெளிவந்த பழைய ஸ்விட்சின் ஓஎல்இடி திரை மாடல்கூட அங்கே 349.99 டாலரிலிருந்து 399.99 டாலருக்கு ஏறியது. 2025இன் இறுதியில் ரேம் எனப்படும் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனதால், கணினி முதல் கேம் கருவி வரை எல்லாவற்றின் உற்பத்திச் செலவும் கூடியது.

இவையெல்லாம் உண்மை. இந்த உண்மைகளை அந்தக் கடைக்காரர் என்னைவிட நன்றாகவே அறிந்திருந்தார். “ரேம் விலை ஏறிடுச்சு சார், அடுத்த லாட் வந்தா இந்த ரேட்டுக்கு நானே குடுக்க முடியாது” என்று அவர் சொன்னபோது, அதில் மறுக்கத்தக்க சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உண்மை, கருவியை நிதானமாகச் சோதிப்பதற்கான நேரத்தை வாங்குபவரிடமிருந்து பறிப்பதற்காகச் சொல்லப்படுகிறது. விலையேற்றச் செய்தியைச் சொல்லிக்கொண்டே பணத்தை எண்ணச் சொல்லும் இடத்தில்தான் வாங்குபவர் எழுந்து நிற்க வேண்டும்.

நின்டெண்டோவுக்கு இந்தியாவில் முறையான விற்பனை ஏற்பாடு இல்லை. 2025 ஜூன் 5 அன்று 449.99 டாலருக்கு, அதாவது அன்றைய மாற்று மதிப்பில் 38,000 ரூபாய்க்குச் சற்று மேலான விலைக்கு வெளியான ஸ்விட்ச் 2, நம் ஊருக்கு இறக்குமதியாளர்கள் கை வழியாகவே வருகிறது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. டிவியில் கேசட் போட்டு விளையாடிய காலத்திலிருந்தே வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேம் என்றால் பர்மா பஜார்தான். அங்கே பெரும்பாலான வியாபாரிகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு வகையானது. அன்றைய கேசட் ஓடினால் ஓடியது, இல்லையென்றால் இல்லை, கடையிலேயே தெரிந்துவிடும். இன்றைய கருவியில் உள்ள குறை கடையில் தெரியாது, இணையத்தில் இணைத்த பிறகுதான் தெரியும்.

என் அக்கா மகனுக்கும் எனக்கும் சேர்த்தே அதை வாங்கினேன். கருவியைக் கையில் வாங்கி, கடையில் இருந்த கேம் கார்டைப் போட்டு விளையாடிப் பார்த்தேன். பொத்தான்கள், தொடுதிரை, இரு பக்கமும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஜாய்கான் என்னும் கைப்பிடிகள், டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்து டிவியில் வரும் படம் ஆகிய அனைத்தும் குறையின்றி இருந்தன. வைஃபையில் இணைத்துக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, கடையில் நெட் இல்லை என்றார்கள். என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் தருகிறேன் என்றேன். உடனே அப்டேட் ஓடத் தொடங்கிவிடும், பாதியில் நின்றால் கருவியே பழுதாகிவிடும், வீட்டில் நிதானமாகச் செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி சேர்த்தால் விலை கூடும் என்று சொல்லி, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். பாதித் தொகையை ரொக்கமாகவும், மீதியை யூபிஐ வழியாக ஒரு தனிநபர் பெயரிலும் பெற்றுக்கொண்டார்கள். மொத்தம் 50,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

அன்று மாலையே பெரம்பூரில் வீட்டு இணைப்பில் சேர்த்தபோது, ஈஷாப் என்னும் இணையக் கடையைத் திறந்தவுடன் 2124-4508 என்ற பிழை எண் வந்தது. நின்டெண்டோ ஒரு ஸ்விட்ச் 2 கருவியின் இணையச் சேவைகளைத் தடைசெய்திருந்தால் தோன்றும் எண் அது.

இந்தத் தடை எப்படி வருகிறது என்பதை விளக்குவது பயன்படும். ஒவ்வொரு அசல் கேம் கார்டுக்கும் தனித்த அடையாளச் சான்று ஒன்று உள்ளே பதிந்திருக்கும். பல கேம்களின் நகல்களை ஒரே அட்டையில் ஏற்றி ஓட்டும் நகல் கார்ட்ரிட்ஜ்கள் சந்தையில் இருக்கின்றன. அவற்றைப் போட்டு இணையத்தில் இணையும் கருவியை நின்டெண்டோவின் சர்வர் கண்டுகொள்கிறது. 2025 ஜூனில், வெளியான சில வாரங்களிலேயே ஸ்விட்ச் 2 கருவிகள் இப்படித் தடைபடத் தொடங்கின. தடை விழுவது ஆளின் கணக்கின்மேல் அன்று, கருவியின்மேல். கருவியை முழுவதும் அழித்துப் புதிது போலத் துடைத்துவிட்டாலும் தடை போகாது. செய்தவர் விற்றுவிட்டு நகர்ந்துவிட, அடுத்து வாங்குபவர் தண்டனையைச் சுமக்கிறார். இந்த ஏற்பாடு நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நடைமுறை இதுதான்.

தடைபட்ட கருவியில் அசல் கார்டு ஓடும். கடையில் நான் விளையாடிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் ஆன்லைனில் பிறரோடு விளையாட முடியாது, ஈஷாப்பில் வாங்க முடியாது. ஸ்விட்ச் 2 கேம்களில் பல ‘கேம் கீ கார்டு’ என்ற வடிவில் வருகின்றன. அந்தக் கார்டுக்குள் கேம் இருக்காது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டுமே இருக்கும். தடைபட்ட கருவியில் அத்தகைய கார்டு வெறும் பிளாஸ்டிக் துண்டு. 7.9 அங்குலத் திரையும் நொடிக்கு 120 முறை வரை படம் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் வேகமும் 256 ஜிபி சேமிப்பும் கொண்ட அருமையான கருவிதான். பழைய ஸ்விட்சில் திணறிய கேம்கள் இதில் தண்ணீராக ஓடுகின்றன. ஜாய்கானை மேசையில் மவுஸ் போல நகர்த்துவதும் சில கேம்களில் நன்றாகப் பொருந்துகிறது. அப்படிப்பட்ட கருவி பாதி செத்த நிலையில் விற்கப்படுவதுதான் மனத்தை மிகவும் வருத்துகிறது.

கடைக்குத் திரும்பிப் போனபோது, முதலில் என் வீட்டு நெட்தான் பிரச்சினை என்றார்கள். பிழை எண்ணைக் காட்டியதும், நீங்கள்தான் காப்பி கேம் போட்டிருப்பீர்கள் என்று பழியை என்மேலும் அந்தப் பையன்மேலும் திருப்பினார்கள். நல்லவேளையாக, அக்கா மகன் பெட்டியைப் பிரித்ததிலிருந்து பிழை எண் தோன்றியது வரை கைப்பேசியில் படம் பிடித்திருந்தான். அதைக் காட்டிய பிறகு பேச்சு மாறியது: எஸ்டிமேட் தாளின் அடியில் அச்சிட்டிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டினார்கள். கருவியின் அமைப்புகளில் தெரியும் வரிசை எண்ணும் பெட்டியின் மேல் இருக்கும் வரிசை எண்ணும் வேறுவேறாக இருப்பதையும் அப்போது சுட்டிக்காட்டினேன். அதற்கு அவர்களிடம் பதிலே இல்லை.

ஆகவே, ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈஷாப்பைத் திறந்து காட்ட மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஸ்விட்ச் வாங்காதீர்கள். இணைத்து ஒரு இலவச டெமோவை இறக்கத் தொடங்கினாலே போதும், உண்மை வெளிப்பட்டுவிடும். அதேபோல, ஜப்பானில் மட்டும் விற்பதற்காக 49,980 யென்னுக்கு வெளியிடப்பட்ட ஒரு ஸ்விட்ச் 2 இருக்கிறது. அதில் ஜப்பானிய மொழி மட்டுமே வரும், ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே இணைக்க முடியும். பல மொழிகள் வரும் மாடல் அங்கேயே 69,980 யென்னுக்கு வெளியானது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் மலிவானதை வாங்கி இங்கே முழு விலைக்கு விற்க இடம் இருப்பதால், மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

ஸ்டீம் டெக்கும் இந்தியாவில் முறைப்படி விற்கப்படுவதில்லை. ஓஎல்இடி திரை மாடல் என்று சொல்லிப் பழைய எல்சிடி திரை மாடலைத் தர முயன்றால் கண்டுபிடிப்பது எளிது: ஓஎல்இடி மாடலில் திரை 7.4 அங்குலம், புதுப்பிப்பு வேகம் 90 ஹெர்ட்ஸ் வரை போகும்; எல்சிடியில் 7 அங்குலம், 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பிளேஸ்டேஷன் 5இல் சிஎஃப்ஐ என்று தொடங்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். சிஎஃப்ஐ-1208, சிஎஃப்ஐ-2008 என்பது போல 08 என்று முடிபவை இந்தியா உள்ளிட்ட வட்டாரத்துக்காக வந்தவை. வேறு எண் இருந்தால் இங்கே வாரண்டி கிடைக்கும் என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் பலர் அறிவதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்றே வரையறுக்கிறது. பில்லில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் கடைக்காரர் முப்பது நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எனவே அந்த அச்சிட்ட வரியைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயம் இல்லை.

நான் 1915இல் புகார் பதிந்த பிறகு, கடையிலிருந்து பாதிப் பணத்தைத் தருவதாகச் சொல்லி அழைத்தார்கள். கருவியை அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அது மறுபடியும் துடைக்கப்பட்டு, வேறொரு பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதால் மறுத்துவிட்டேன். எஸ்டிமேட் தாள், யூபிஐ பதிவு, படப்பதிவு, இரண்டு வரிசை எண்களின் புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இதே போன்ற பிழை எண்ணோடு கருவி வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், அதை ரீசெட் செய்யாமலும் பெட்டியைத் தூக்கி எறியாமலும் வைத்திருங்கள். ஆணையத்தில் மனு கொடுக்க இரண்டு ஆண்டு வரை காலம் உண்டு.