உளவியல் சோதனைப் பொருட்கள்: திருகோணமலையில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

உளவியல் சோதனைப் பெட்டி வாங்க எண்ணுபவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், பிறகு நியமங்கள், அதாவது ஒரு பிள்ளையின் புள்ளியை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணைகள், எந்த நாட்டுப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டவை என்று கேட்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் மரத்துண்டும் அட்டையும் கடதாசியும் எவ்வளவு காலம் தாங்கும், அவை பழுதாகும்போது பிள்ளையின் புள்ளிக்கு என்ன நேரும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. திருகோணமலையில், உவர்மலைப் பக்கத்து அறையொன்றில், சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் மதிப்பீடு செய்யும் பணியில் பல வருடங்களாக இந்தப் பொருட்களைக் கையாண்டு வருகிறேன். உப்புக் காற்றும் மாரி ஈரமும் உள்ள இந்த ஊரில், பொருள் இருக்கும் நிலையும் சேர்ந்தே புள்ளியாகிறது என்பதுதான் என் அனுபவம். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களுக்காக இதை எழுதுகிறேன். சோதனை வினாக்களின் உள்ளடக்கம் வெளியில் பரவினால் சோதனையே பயனற்றுப் போகும் என்பதால், அவற்றை விவரிக்காமல் பொருட்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் மிக அதிகமாகப் பயன்படுத்துவதும், எனக்கு மிக அதிகத் தொல்லை தந்ததும் செகுவின் வடிவப் பலகைதான். 19 ஆம் நூற்றாண்டில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுடன் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் எதுவார் செகுவினின் பெயரைத் தாங்கிய இந்தப் பலகையில் 10 வடிவத் துண்டுகளும் அவற்றுக்குரிய பள்ளங்களும் உள்ளன. பிள்ளை மூன்று முறை துண்டுகளை இயன்ற விரைவில் பொருத்த வேண்டும், அவற்றில் மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொண்டு அட்டவணையில் பார்க்க வேண்டும். பேசாத பிள்ளைக்கும், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும், அறைக்குள் வந்ததிலிருந்து தாயின் முந்தானையை விடாத பிள்ளைக்கும் இதைக் கொடுக்கலாம் என்பதால், எங்கள் பக்கத்தில் முதலில் மேசைக்கு வருவது இதுவே. வண்ணம் பூசிய துண்டுகளைக் கண்டதும் கை தானாக நீளும்.

என்னிடம் இருந்த பழைய பலகை திட மரத்தால் ஆனது. வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பிறகு, வீட்டுக் கதவு மாரியில் இறுகுவது போல, அதன் துண்டுகளும் பள்ளங்களில் இறுகத் தொடங்கின. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நாரின் போக்கில் ஏறக்குறைய நீளுவதேயில்லை, நாருக்குக் குறுக்காகவே விரிகிறது. பலகையின் நார் கிடையாகவும் துண்டின் நார் நெடுக்காகவும் அமைந்திருந்தால், துண்டு ஒரு திசையில் பெருக்க, பள்ளம் அந்தத் திசையில் அப்படியே இருந்துவிடும். நட்சத்திரத் துண்டில்தான் இது முதலில் தெரியவரும், ஏனென்றால் அதன் முனைகள் பல திசைகளில் நீண்டிருக்கின்றன. ஒரு கார்த்திகை மாதத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் நட்சத்திரத்தைச் சரியான பள்ளத்தின் மேல் வைத்துவிட்டான். அது இறங்கவில்லை. உள்ளங்கையால் ஒரு முறை அழுத்தினான், பிறகு என் முகத்தைப் பார்த்தான், பிறகு தான் வைத்த இடம் பிழை என்று முடிவு செய்து அதை எடுத்துச் சிலுவைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான். சரியாகச் செய்த பிள்ளையைப் பலகையே பிழையென்று நம்பவைத்துவிட்டது. மணிக்கூடோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வயது கூடக்கூட, ஒரு வயதுக்கும் அடுத்த வயதுக்கும் இடையிலான வித்தியாசம் இந்தச் சோதனையில் சில வினாடிகளாகச் சுருங்கிவிடும் என்பதால், இத்தகைய தடங்கல் அறிக்கையில் ஒரு பிள்ளையின் மன வயதையே, அதாவது அதன் திறன் எந்த வயதுப் பிள்ளைக்குரியது என்ற கணக்கையே, மாற்றக்கூடியது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று தச்சர் ஒருவர் ஆலோசனை சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. மாரியில் தேய்த்த துண்டு கோடையில் பள்ளத்துக்குள் ஆடும், ஆடுகின்ற துண்டு எளிதாக விழும், அதுவும் நியமம் எடுக்கப்பட்ட பலகை அல்ல. அதன் பிறகு வாங்கியது ஒட்டுப்பலகையால் செய்தது. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது எந்தத் திசையிலும் பெரிதாக விரிவதில்லை, இதுவரை ஒரு மாரியிலும் இறுகவில்லை. மரத்தின் பளபளப்பைப் பார்த்துத் திட மரப் பலகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கண்டி, நுவரெலியா போன்ற இடங்களில் என்ன அனுபவம் பெறுகிறார்கள் என்பதை அங்குள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும், கரையோரத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எந்தப் பலகையானாலும், பிள்ளை வருவதற்கு முன் 10 துண்டுகளையும் நானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

வெக்ஸ்லர் சிறுவர் அளவை என்ற நுண்ணறிவுச் சோதனையில் வடிவங்களை அமைக்கக் கொடுக்கும் கட்டைகளைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. இரண்டு முகம் சிவப்பு, இரண்டு முகம் வெள்ளை, இரண்டு முகம் மூலைவிட்டத்தில் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமான 9 பிளாஸ்டிக் கனக்கட்டைகள் எத்தனையோ பிள்ளைகளின் வியர்த்த கைகளைத் தாண்டியும் நிறம் மங்காமல் இருக்கின்றன. ஈரத்துணியால் துடைத்தால் போதும். இவற்றில் ஒன்று தொலைந்தபோது உள்ளூரில் மரத்தில் செய்வித்த மாற்றுக் கட்டையை ஒரு நிலையத்தில் கண்டிருக்கிறேன், அதன் மூலைவிட்டம் மற்றவற்றின் மூலைவிட்டத்தோடு சேரவில்லை. கூர்மையான கண்ணுள்ள பிள்ளை அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயன்றே நேரத்தை இழக்கும், கடைசி வடிவங்களில் விரைவுக்கு மேலதிகப் புள்ளி இருப்பதால் அந்த இழப்பு கணக்கில் விழும். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் கட்டைகளை எண்ணாமல் பெட்டியை மூடக் கூடாது, ஏனென்றால் அவை பிள்ளையின் காற்சட்டைப் பைக்குள் மிக அழகாக அடங்கிவிடும்.

பழைய அலுமாரிகளில் வேறொரு கட்டைத் தொகுதியும் கிடக்கும். அது கோஸ் கட்டைகள், சிவப்பு வெள்ளையோடு நீலமும் மஞ்சளும் கொண்டவை, 1955 இல் வெளிவந்த பாட்டியாவின் செயற்றிறன் தொகுதி என்ற நுண்ணறிவுச் சோதனையில் ஒரு பகுதியாக இந்தியாவிலிருந்து வந்தவை. மொழி தேவைப்படாத பகுதிகள் அதில் அதிகம் என்பதால் இன்னும் அதை விரும்புபவர்கள் இருக்கிறார்கள். கட்டைகள் உறுதியானவை, அதை மறுக்க முடியாது. ஆனால் அட்டவணை 70 வருடம் பழையது. தலைமுறைக்குத் தலைமுறை நுண்ணறிவுச் சோதனைகளின் சராசரிப் புள்ளிகள் உயர்ந்து வருவதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1984 இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு, பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 3 புள்ளி என்று காட்டினார், பழைய நியமத்தோடு ஒப்பிட்டால் இன்றைய பிள்ளை உள்ளதைவிடத் திறமையானதாகத் தெரியும். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த உதவி மறுக்கப்பட இதுவே காரணமாகலாம். மரம் நன்றாக இருப்பதற்காகத் தொகுதியை வைத்திருக்க வேண்டியதில்லை.

படம் பார்க்கும் சோதனைகளில் எங்கள் ஊரின் முதல் எதிரி பூஞ்சணம், இரண்டாவது இராமபாணப் பூச்சி. மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையின் அட்டைகள் 10 இல் 5 கறுப்பும் சாம்பலுமானவை, 2 இல் சிவப்பும் சேர்ந்திருக்கும், 3 பல நிறங்களில் இருக்கும். சாம்பல் நிறச் சாயல் உள்ள அட்டையில் ஒரு பூஞ்சணப் புள்ளி விழுந்தால் அது மையின் பகுதியா அழுக்கா என்று பார்ப்பவருக்குத் தெரியாது, அவர் அதையும் சேர்த்தே பதில் சொல்வார். இதற்குப் பயந்து அட்டைகளை லமினேட் செய்து வைத்திருப்பவர்கள் உண்டு. அது கூடாத வேலை. டியூப் லைட்டின் கோடு அட்டையின் நடுவே விழும், பஞ்சு போல, தோல் போல என்று சாயலைக் கொண்டு சொல்லப்படும் பதில்கள் பிளாஸ்டிக்கின் மினுக்கத்தில் தேய்ந்துவிடும். அந்தச் சாயல்களே 1921 இல் முதன்முதலாக அச்சிட்டபோது நேர்ந்த ஒரு விபத்து என்பதை நினைவூட்ட வேண்டும். ஹெர்மன் ரோர்ஷாக் வரைந்த மூலப்படங்களில் அப்படி அழுத்தமும் மங்கலுமான சாயல் இருக்கவில்லை, அச்சகத்திலிருந்து வந்த படிகளில் அது இருந்தது, அவர் அதை நிராகரிக்காமல் சோதனையின் அங்கமாகவே ஏற்றுக்கொண்டார். அச்சு இயந்திரம் தந்த நிறபேதத்தில் புள்ளிகள் தங்கியிருக்கும் ஒரு சோதனையை இணையத்தில் இறக்கி வீட்டு அச்சுப்பொறியில் எடுத்துப் பயன்படுத்துவது வேறொரு சோதனையைச் செய்வதற்குச் சமம். என் அட்டைகள் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொதிகளோடு இருக்கின்றன. ஈரமேறியதும் நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. பூச்சி உருண்டை போடுவதை நிறுத்திவிட்டேன், அட்டையை நீட்டியதும் முதியவர்கள் மூக்கைச் சுளிப்பதும் ஒரு பதிலாக எழுதப்பட வேண்டியதில்லை.

விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுத்து வடிவத்தை நிரப்பச் சொல்லும் ரேவன் வண்ண அணிகள் 36 வினாக்கள் கொண்ட மெல்லிய புத்தகம், ஒரே புத்தகத்தைப் பல பிள்ளைகள் பார்ப்பதால் விரல் வைத்த அடையாளங்கள் சரியான விடைகளின் மேல் சேர்ந்துவிடும். மென்மையான றப்பரால் பக்கங்களை அவ்வப்போது சுத்தம் செய்தால் தீரும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பொருள்.

பெண்டர் உருவங்களைப் பார்த்து வரையும் சோதனையில், 1938 இல் வந்த பழைய பதிப்பில் 9 அட்டைகள், 2003 இன் இரண்டாம் பதிப்பில் 16. அட்டைகளைவிடக் கடதாசியும் மேசையும்தான் இங்கே கவனத்துக்குரியவை. எங்கள் பள்ளிக்கூட மேசைகளில் பெயர் செதுக்கப்படாதது அரிது. மெல்லிய கடதாசியை அப்படியே அதன் மேல் வைத்து வரையவைத்தால், கீழுள்ள கீறல்களில் பென்சில் தடுமாறி, கோடு நடுங்கியது போல வரும். நடுக்கம் என்று எழுதப்பட்ட ஒரு முந்தைய அறிக்கையோடு வந்த பிள்ளையை வழவழப்பான பைல் மட்டையின் மேல் வரையவைத்தபோது கோடுகள் நேராக வந்ததைக் கண்டிருக்கிறேன். அட்டைகளைப் போட்டோகொப்பி எடுத்து வைத்திருப்பவர்கள் இயந்திரம் அளவைச் சிறிது குறைத்துவிடுவதையும் புள்ளிகள் பெருத்துவிடுவதையும் கவனிப்பதில்லை.

பென்சில் அற்பமான பொருளாகத் தோன்றும். வெக்ஸ்லரில் குறிகளைப் பார்த்து விரைவாக எழுதும் குறியீட்டுப் பகுதியில் றப்பர் இல்லாத பென்சில் கொடுக்க வேண்டும், கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றின் தலையில் றப்பர் இருக்கும். எங்கள் பிள்ளைகள் அழித்து அழகாக எழுதப் பழக்கப்பட்டவர்கள், றப்பரைக் கண்டால் அழிக்காமல் விடமாட்டார்கள், இரண்டு நிமிடத்தில் அரை நிமிடம் அதிலேயே போய்விடும். ஆகவே வாங்கி வந்ததும் தலைகளை வெட்டிவிட்டே பெட்டியில் போடுகிறேன். இடது கைப் பிள்ளையின் கை மேலுள்ள விளக்கக் குறிகளை மறைத்துவிடும் என்பதால், வலது பக்கத்தில் இன்னொரு தாளை வைக்கவும் மறக்கக் கூடாது, அதற்காகவே ஒரு உபரித் தாள் பெட்டியில் இருக்க வேண்டும். நிறுத்தற்கடிகாரத்தின் பொத்தான்கள் உப்புக் காற்றில் சிக்கிக்கொள்கின்றன, விலை கூடியதும் குறைந்ததும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பழுதாகின்றன. மலிவானது இரண்டை வாங்கி வைப்பதே புத்தி. கைத்தொலைபேசியை நான் பயன்படுத்துவதில்லை, அதன் திரை ஒளிர்ந்தவுடன் பிள்ளையின் கண் கட்டைகளை விட்டுப் போய்விடுகிறது.

பதிவுப் படிவங்கள்தான் நிரந்தரச் செலவு. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, 25 படிவக் கட்டொன்று வாங்குவதற்குள் ஆள் களைத்துப்போனது. படிவத்தைப் பிரதி எடுப்பது பதிப்புரிமைக்கு மாறானது, அதோடு குறியீட்டுத் தாளின் மெல்லிய கோடுகள் பிரதியில் கரைந்துவிடுகின்றன. நான் முழு மதிப்பீடு தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும் படிவத்தைப் பிரித்து, மற்றவர்களுக்கு ஆரம்பச் சோதனையோடு நிறுத்திக்கொண்டேன். அதே வருடம் மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. டேப்லட்டில் செய்யும் சோதனைகளைப் புகழ்ந்து பேசியவர்கள் அந்த வாரங்களில் கடதாசியைத் தேடி வந்தார்கள். கடதாசிக்கு வெளிச்சம் போதும், அதையும் ஜன்னல் தந்துவிடும்.

ஜன்னலும் ஒரு வகையில் சோதனைப் பொருள்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது திறந்தால் அட்டைகள் பறக்கும், மண் சேரும், மூடினால் கை வியர்த்து அட்டை நனையும். ஆகவே அந்த மாதங்களில் காலை வேளையிலேயே அமர்வுகளை முடித்துவிடுகிறேன். பிள்ளையை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைக்க வேண்டும், பளபளப்பான பக்கங்களில் வெளிச்சம் அடிப்பது ஒரு காரணம், நகரத்துப் புள்ளிமான்கள் வேலியோரம் வந்து நின்றால் அதன் பிறகு எந்தச் சோதனையும் நடக்காது என்பது மற்றக் காரணம்.

எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் வராத, ஆனால் அது இல்லாமல் நான் தொடங்காத ஒரு பொருள் வாசிப்புக் கண்ணாடி. 1.5, 2, 2.5 என்ற மூன்று வலுக்களில் மலிவான கண்ணாடிகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நினைவாற்றல் குறைகிறது என்று மகனோ மகளோ மூதூரிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ அழைத்து வரும் அப்பாக்களும் அம்மம்மாக்களும் பெரும்பாலும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டே வருவார்கள். மறதியைக் கண்டறிய முதியவர்களுக்குக் கொடுக்கும் 30 புள்ளி கொண்ட சுருக்கச் சோதனையில் வாசிக்கவும் எழுதவும் உருவத்தைப் பார்த்து வரையவும் சில புள்ளிகள் இருக்கின்றன, கண் தெரியாததால் அவை போய்விட்டால் கணக்கு மறதி நோயின் பக்கம் சாய்ந்துவிடும். முதலில் நாளிதழ் ஒன்றின் சிறிய எழுத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுகிறேன், எது பொருந்துகிறதோ அந்தக் கண்ணாடியின் வலுவைப் படிவத்தின் மேல் மூலையில் குறித்துக்கொள்கிறேன், அடுத்த முறை வரும்போது அதே வலுவோடுதான் சோதனை நடக்கும்.