வயசான நாய்க்கு செலஜிலினா, ஃப்ளூஆக்செட்டினா?

இரண்டுமே நாயின் மூளையில் வேலை செய்கிற மாத்திரைகள்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்க முடியாது. பன்னிரண்டு வயது நாய் ராத்திரியெல்லாம் தூங்காமல் வீட்டைச் சுற்றி வருகிறது, கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டு கீல் பக்கம் போய் நிற்கிறது, சோபாவுக்குப் பின்னால் நுழைந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் முழிக்கிறது என்றால் மூளை மூப்பைச் சந்தேகிக்கலாம். நீங்கள் வெளியே கிளம்பினால் மட்டும் ஊளையிட்டு, கதவைப் பிறாண்டினால் அது பெரும்பாலும் பிரிவுப் பதற்றம்.

முதல் வகைக்கு என் ஓட்டு செலஜிலினுக்கு. பார்க்கின்சன் நோய்க்கு மனிதர்கள் சாப்பிடும் அதே மருந்து. அமெரிக்காவில் அனிப்ரில் என்ற பெயரில் நாய்களின் மூளை மூப்புக்கும் அனுமதி உண்டு. கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம், காலையில் ஒரே வேளை. பலன் தெரிய ஒரு மாதம்கூட ஆகலாம், எல்லா நாய்க்கும் கேட்காது. ஐரோப்பாவில் இதே வேலைக்கு ப்ரொபென்டோஃபிலின் கொடுக்கிறார்கள், ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று. வெறும் வயிற்றில் தர வேண்டும், அதற்கான சான்றும் அவ்வளவு வலுவில்லை, எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

பதற்றத்துக்கு ஃப்ளூஆக்செட்டின் (அமெரிக்க அனுமதி 2007), அல்லது க்ளோமிப்ரமின் (1998). க்ளோமிப்ரமினில் வாந்தி, வாய் வறட்சி வரலாம், வலிப்பு உள்ள நாய்க்கு ஆபத்து. ஃப்ளூஆக்செட்டின் தினமும் ஒரு வேளை போதும், அதனால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் முதல் சில வாரம் நாய் தட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம், பயந்துவிடாதீர்கள்; ஒரேயடியாகச் சாப்பாட்டை நிறுத்தினால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே பயிற்சியும் வேண்டும், மாத்திரை மட்டும் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

பட்டாசுக்கு மட்டும் பயப்படும் நாய்க்கு இதெல்லாம் தேவையில்லை. அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, ஆனால் நாயை மந்தமாக்கும் மருந்தான அசிப்ரோமசினை மட்டும் தனியாகக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நாய் அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

சரி, ஆபத்து எங்கே என்றால் இரண்டையும் கலப்பதில்தான். செலஜிலினும் ஃப்ளூஆக்செட்டினும் சேர்ந்தால் செரடோனின் எக்கச்சக்கமாக ஏறி நடுக்கம், காய்ச்சல், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. செலஜிலினோடு க்ளோமிப்ரமினோ, வலி மாத்திரையான ட்ராமடாலோ சேர்ந்தாலும் அதே கணக்குதான். உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுகிறோமே, அந்த அமிட்ராஸும் செலஜிலினோடு ஆகாது. இதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எதைத் தொடங்கும் முன்னும் மூட்டு வலி, சிறுநீரகம், தைராய்டு, கண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி அலையும் கிழட்டு நாய்க்குச் சில நேரம் இடுப்பு வலியாக இருக்கும்.

இரண்டு மாதம் செலஜிலின் கொடுத்தும் மாற்றமில்லை, பிரச்சினை பதற்றம்தான் என்று டாக்டரும் சொன்னால், அதை நிறுத்தி, இரண்டு வாரம் இடைவெளி விட்டு ஃப்ளூஆக்செட்டினுக்குப் போகலாம். ஃப்ளூஆக்செட்டினிலிருந்து செலஜிலினுக்கு வருவதென்றால் ஐந்து வாரம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ளூஆக்செட்டின் உடம்பை விட்டு லேசில் போகாது.