பிள்ளைகளைப் பண்ணைக்குக் கூட்டிப்போவதென்றால் எந்தப் பண்ணை?

அரும்பொருளகம் பார்த்தாயிற்று, மண்டாய் விலங்குத்தோட்டம் போயாயிற்று, இந்த முறை பண்ணைக்குப் போகலாமே என்று பள்ளியில் யாராவது சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: எந்தப் பண்ணை? நிலத்தில் சுமார் 1 விழுக்காட்டை மட்டும் விவசாயத்துக்கு வைத்துக்கொண்டு, உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் சிங்கப்பூரில் இதற்கு இத்தனை தெரிவுகள் இருப்பதே ஆச்சரியம்தான். கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் மண்ணில் பயிரிடும் இயற்கைப் பண்ணைகள் இருக்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கும் அடுக்குப் பண்ணைகள் இருக்கின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடக் கூரையிலும் பண்ணை உண்டு. பாலம் தாண்டினால் மலேசியாவின் ஜோகூர். எதுவும் வேண்டாம் என்றால் பள்ளிக்குள்ளேயே நாலு பாத்தி.

பெற்றோர் தொண்டூழியராக இப்படிப்பட்ட பயணங்களில் கூடவே போய்வருகிறவன் என்ற முறையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். போன இடத்தில் பிள்ளையின் கைக்கு என்ன வேலை கிடைத்தது? பண்ணையின் பரப்பளவு, வாங்கிய விருது, சிற்றுண்டி எல்லாம் அப்புறம்.

இந்தக் கணக்கில் முதலில் நிற்பது மண் பண்ணைதான். 1999இல் தொடங்கிய குவான் ஃபா, ஐவி சிங்-லிம் தொடங்கிய பாலிவுட் வெஜிஸ் போன்ற பெயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். (பின்னதில் சினிமா எதுவும் கிடையாது, வாழைதான்.) இந்த வகைப் பண்ணையில் நான் எதற்கும் முன்னால் கேட்பது எருக்குழியை. காய்ந்த இலையும் காய்கறிக் கழிவும் மாறி மாறிப் போட்ட குவியலை மண்வெட்டியால் பிளந்தால் ஆவி எழும். மக்கிக்கொண்டிருக்கும் நல்ல குவியலின் உள்சூடு 55, 60 டிகிரியைக் கூடத் தொடும். அதன் மேல் கையை நீட்டிய ஒரு சிறுவன், "அங்கிள், உள்ள ஹீட்டர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இலையைத் தின்னும்போது வெளியாகும் சூடு அது என்று பண்ணைக்காரர் சொன்னதும், வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இன்னொரு தடவை கை நீட்ட முண்டியடித்தார்கள். செயற்கை உரம் போடாமல் பயிர் எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பூச்சி தின்று ஓட்டை விழுந்த இலை, மண்புழு, களை பிடுங்குவது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் மண் பண்ணை என்றாலே கை வேலை இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஓரிடத்தில் ஒரு முழு வகுப்பு நிலையையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் பேசியபடியே நடத்திக்கொண்டு போனார்கள். "தொடக் கூடாது" என்ற சொல்தான் அதிகம் கேட்டது. கடைசியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் முன்பே நட்டு வைத்த நாற்று. அதைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டால் செய்முறைக் கல்வி ஆகிவிடுமாம்! சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்து நீலத்தை ஊதாவாக மாற்றிக் காட்டுவதும் இப்போது ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சரி. ஆனால் அதை வகுப்பறையிலேயே செய்யலாம். பேருந்து பிடித்து லிம் சூ காங் வரை போய், இருக்கும் இரண்டு மணி நேரத்தில் அரை மணியை அதற்குக் கொடுப்பது வீண்.

அடுக்குப் பண்ணை வேறு உலகம். தலைக்கு வலைத்தொப்பி, காலுக்கு உறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் வரிசை வரிசையாகக் கீரை. தூய்மை கெடக்கூடாது என்பதால் பிள்ளைகள் கைகட்டித்தான் நிற்க வேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை இங்கே கூட்டிப்போவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கிராஞ்சியைவிட இதுதான் தீனி போடும். விளக்குக்கும் குளிரூட்டிக்கும் மின்கட்டணம் எவ்வளவு? இறக்குமதிக் கீரையோடு விலையில் போட்டி போட முடியுமா? 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிக்கலாம் என்று 2019இல் வைத்த இலக்கு, 2025 நவம்பரில் ஏன் கைவிடப்பட்டது? அதற்குப் பதிலாக வந்தது 2035ஆம் ஆண்டுக்கான இலக்கு: காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு. இதையெல்லாம் பண்ணை நடத்துபவரிடமே கேட்கலாம், நல்ல விவாதமாக அமையும்.

"அது இயற்கை விவசாயமா?" என்று ஒரு மாணவி கேட்டால் பதில் சொல்வது சுலபமில்லை. மண்ணில்லாமல் சத்துநீரில் வளர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் இயற்கை விளைச்சல் என்று ஏற்பதில்லை. அமெரிக்காவில் சான்றிதழ் தருகிறார்கள். இங்கே இயற்கை விளைச்சலுக்கென்று எஸ்எஸ் 632 என்ற சிங்கப்பூர்த் தரநிலை இருக்கிறது. சுமார் 9 மீட்டர் உயரக் கோபுரங்களில் தட்டுகளைச் சுழலவிட்டுக் கீரை வளர்த்த ஸ்கை கிரீன்ஸ், 2019இல் அந்தச் சான்றிதழைப் பெற்றது. ஆக, அடுக்கு என்றாலே இயற்கை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

கூரைப் பண்ணைக்குப் போக்குவரத்து எளிது, பக்கத்துப் பேட்டையிலேயே இருந்தால் நடந்தே போகலாம். நிழல் குறைவு, வெயில் அதிகம், பார்க்க வேண்டியது அரை மணியில் முடிந்துவிடும். ஹே டெய்ரிஸ் ஆட்டுப்பண்ணையில் காலை வேளையில் பால் கறப்பதைப் பார்க்கலாம். பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதும், ஆனால் அங்கே பயிர்ப் பாடம் கிடையாது.

ஜோகூருக்கு ஒரு காரணத்துக்காகத்தான் போகலாம், அது நெல். குளுவாங் வட்டாரத்தில் காஹாங் பக்கம் இயற்கை முறையில் நெல் பயிரிடுகிறார்கள். பொங்கல் பானையில் அரிசி போடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வயலைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு மாட்டைக் கொண்டுவந்து காட்டிவிடலாம், வயலைக் கொண்டுவர முடியாது. ஆனால் கடப்பிதழ், பெற்றோர் ஒப்புதல், சோதனைச்சாவடி நெரிசல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் ஒரு நாள் பயணம் பிழிந்துவிடும். இரவு தங்கினால்தான் வசதிப்படும், அதுவும் பெரிய பிள்ளைகளுக்கு.

ஒன்றைத்தான் செய்ய முடியும், பணமும் நேரமும் அவ்வளவுதான் என்றால் நான் பள்ளிப் பாத்தியைத்தான் சொல்வேன். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும், தெரியும். ஆனால் எந்தப் பண்ணைக்குப் போனாலும் பிள்ளை பார்ப்பது பயிரின் ஒரு நாளைத்தான். விதை முளைப்பதையும் அதைப் புழு தின்பதையும் அறுவடையையும் அரை நாளில் யாராலும் காட்ட முடியாது. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அந்த அளவில் ஒன்று இருந்தாலே ஒரு வகுப்பு பங்கு போட்டுக்கொண்டு வளர்க்கலாம். கங்கோங் கீரை மூன்று, நான்கு வாரத்தில் அறுவடைக்கு வரும். வேரோடு பிடுங்காமல் தண்டை விட்டு நறுக்கினால் மறுபடியும் தழைக்கும். இடமே இல்லையா? புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் இருக்கும். 2005இல் தொடங்கிய திட்டம் அது, இன்று ஏறக்குறைய எல்லாப் பேட்டையிலும் பரவியிருக்கிறது. முருங்கையும் கறிவேப்பிலையும் வெண்டையும் வளர்க்கும் நம் ஆட்கள் யாராவது அங்கே கட்டாயம் இருப்பார்கள். தாய்மொழி இருவாரத்தில் தமிழ் வகுப்பை அவர்களிடம் அழைத்துப் போனால், கொத்துவது, பாத்தி கட்டுவது, களை எடுப்பது என்று பாடநூலில் தேடினாலும் கிடைக்காத பேச்சுத் தமிழ் தானாக வந்து விழும்.

இரண்டும் முடிந்தால் இன்னும் நல்லது. மூன்றாம் தவணை தொடங்கியதும் பள்ளியில் விதை போட்டுவிட்டு, நாற்று கையளவு வளர்ந்தபின் கிராஞ்சிக்குப் போங்கள். தங்கள் செடியின் இலை ஏன் மஞ்சளாகிறது என்று கேட்கும் பிள்ளைக்கும், சும்மா சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும். ஆண்டுக் கடைசி மழைக்காலம் வேண்டாம். எந்த மாதமானாலும் காலையிலேயே போய்விடுங்கள்; பிற்பகலில் ‘கேட் 1’ (Category 1) மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முன்பதிவு செய்வதற்கு முன் பண்ணைக்குத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். நிலக் குத்தகை முடிந்து மூடிய பண்ணைகள் இங்கே உண்டு, பழைய பட்டியலை நம்ப வேண்டாம். ஒரு குழுவுக்கு எத்தனை பிள்ளைகள், எருக்குழியைத் திறந்து காட்டுவார்களா, அந்த வாரம் அறுவடைக்கு என்ன இருக்கும், பிள்ளைகளே பறிக்கலாமா, கை கழுவக் குழாய் எத்தனை என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் பரிசுப்பையில் என்ன இருக்கும் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தால், வேறு பண்ணையைக் கூப்பிடுங்கள்.