கல்லடியா, பாசிக்குடாவா?

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மச்சாள் குடும்பம் வந்துவிட்டால், ஒரு வாரம் எங்கள் வீட்டில் மாலையில் அடுப்பு எரிவதில்லை. மட்டக்களப்பின் கடற்கரைகளான கல்லடி, பாசிக்குடா இரண்டில் எங்கே போவது என்பதில்தான் பேச்செல்லாம்.

பிள்ளைகளின் வாக்கு பாசிக்குடாவுக்கே. நியாயம்தான். அந்தக் குடாவில் வெகுதூரம் நடந்தாலும் ஆழம் வராது. சித்திரையில் அலையும் அடங்கியிருக்கும். ஆனால் மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர். அங்குள்ள பெரிய ஹோட்டல்களில் எட்டுப் பேர் சாப்பிட்டு எழுந்தால் கை கடிக்கும். வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவதே நல்லது.

கல்லடிக் கடல் முரடு. பிள்ளைகளை இறங்கிக் குளிக்க நான் விடுவதில்லை. ஆனால் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் கல்லடிக்கு ஈடில்லை. இரண்டு தகடுகளும் கல்லில் மோதிக் கொத்து ரொட்டி தயாராகும் சத்தம் தெருமுனையிலேயே பசியைக் கிளப்பிவிடும். ஆவி பறக்கும் தட்டில் மாமி முதலில் இறாலைப் பொறுக்கிப் பேரப்பிள்ளைக்கு ஊட்டுவார். பிறகு மட்டக்களப்பு வாவிக்கு மேலே 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலத்துக்கு நடப்போம். முழுநிலவில் வாவி மீன்கள் பாடும் என்பார்கள். துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டதாக மாமா சொல்வார். மச்சாள் நம்பமாட்டாள், வாக்குவாதம் வீடு வரை தொடரும்.

என் தெரிவு கல்லடிதான். 2004 ஆழிப்பேரலை வாரிக்கொண்டுபோன கரை அது. இன்று அதே மணலில் குடும்பம் குடும்பமாக மக்கள் அமர்ந்து கடலை கொறிப்பதைப் பார்க்கும்போது எழுந்து வர மனம் வருவதில்லை.