செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரிக்குக் காசு கொடுக்குமுன் எர்த் வயரைப் பாருங்கள்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் பைக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். ஒரு வயர் முனையில் ஏறிய களிம்புக்காக நான் 4,700 ரூபாய் அழுதிருக்கிறேன்.

எனக்குப் பாம்பன். விடியற்காலை மீன் ஏலத்துக்கு ஓடுகிற பிழைப்பு. வண்டி ராத்திரி முழுக்க வடக்குக் கடலைப் பார்த்துத்தான் நிற்கும். மார்கழியில் ஒருநாள் செல்ஃப் பட்டனை அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஹெட்லைட் நன்றாக எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, கிக்கரை உதைத்தால் வண்டி எடுக்கிறது.

ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். சத்தத்தைக் கேட்டதுமே “பேட்டரி செத்துப்போச்சு தம்பி” என்றார். 1,750 ரூபாய். பத்து நாள் ஓடியது, மறுபடியும் அதே டிக். இந்தத் தடவை “செல்ஃப் மோட்டார் எரிஞ்சிருக்கு” என்றார். மோட்டார் 2,600, கூலி 350. “எரிஞ்ச மோட்டாரைக் காட்டுங்கண்ணே” என்றேன். அது பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். பில்லுக்குப் பதில் துண்டுச்சீட்டு. பேட்டரி வாரன்டி அட்டையில் தேதியும் இல்லை, கடை சீலும் இல்லை. இரண்டு தடவையும் அவர் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

மூன்றாம் முறை நின்றபோது, மண்டபத்தில் போட் இன்ஜின்களுக்கு வயரிங் பார்க்கும் பாய் ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட். “இப்ப செல்ஃப அமுக்குங்க தம்பி.” டிக். மீட்டர் 12.4-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி சரியில்லை என்றால் அழுத்தியதும் 9, 8 என்று விழுமாம். விழவே இல்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை, வழியில் எங்கேயோ அடைப்பு. அப்புறம் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 8-க்கு மேல் காட்டியது.

பேட்டரி நெகட்டிவையும் இன்ஜின் பாடியையும் இணைக்கிற எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினார். வளையத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்து, அடியில் செம்பு பச்சைப் பசேலென்று இருந்தது. உறையைக் கீறினால் இரண்டு அங்குலத்துக்குக் கம்பி கறுத்துப்போய், நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. கெட்டதை வெட்டிவிட்டுப் புது வளையம் அடித்து, போல்ட் உட்காரும் இடத்தை எமரித்தாளால் பளபளவென்று தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பட்டனைத் தொட்டதும் எடுத்தது. 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். பேட்டரி மாற்றியபோது வயர் அசைந்து கொஞ்சம் தொடுப்பு கிடைத்திருக்கும், அதனால்தான் பத்து நாள் ஓடியிருக்கிறது என்றார்.

வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் நம்ம ஊர் வண்டிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வயரைத்தான். உங்கள் வண்டியும் இதே மாதிரி டிக் என்றால், மீட்டர் வைத்து உங்கள் கண்முன்னே எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்கிற கடையில் பேட்டரி வாங்காதீர்கள். வாங்கினால் அட்டையில் தேதியும் சீலும் போட்ட பிறகே காசை நீட்டுங்கள். பழைய பொருளைக் கையோடு எடுத்து வாருங்கள். பழைய பேட்டரியை மட்டும் கடையிலேயே கொடுக்கலாம்; அதில் ஈயம் இருக்கிறது, புதிதின் விலையில் கழிப்பார்கள். எனக்கு ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை.

அந்த வயர் துண்டோடு ராமநாதபுரம் கடைக்கே திரும்பப் போய் என் பழைய பேட்டரியையும் மோட்டாரையும் கேட்டேன். “உப்புக்காத்துக்கு நான் என்ன பண்ண முடியும்?” என்றார். துண்டை அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.